மதிப்பீட்டாளர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

2007 நவம்பர் 1ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஆண்ட்ரூ குவோமோ ஒரு வழக்குத் தொடுத்தார். எதிர்வாதிகள் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் கார்ப்பரேஷனும் அதன் துணை நிறுவனமான இ-அப்ரைஸ்ஐடியும். வாஷிங்டன் மியூச்சுவல் என்ற பெரிய வங்கி வீட்டுக் கடன் கொடுப்பதற்கு முன்பு, அந்த வீடுகளுக்கு மதிப்பீட்டு அறிக்கை வாங்கித் தரும் வேலையை இ-அப்ரைஸ்ஐடி செய்துவந்தது. 2006 ஏப்ரலிலிருந்து 2007 அக்டோபர் வரை 2,60,000க்கும் மேற்பட்ட அறிக்கைகள் அதன் வழியாகப் போயின. அதற்கு அந்த நிறுவனம் பெற்ற கட்டணம் 5 கோடி டாலருக்கு மேல். கடன் அதிகாரிகளுக்குப் பிடித்த விலையை எழுதித் தரும் மதிப்பீட்டாளர்களுக்கே வேலை கொடுக்கும்படி வங்கி நெருக்கியது, நிறுவனம் பணிந்தது என்பதே குற்றச்சாட்டு.

அந்த ஆண்டு அமெரிக்காவில் வீட்டுக் கடன் மோசடி பற்றி எத்தனையோ வழக்குகள் வந்தன. இந்த ஒன்றை நான் தனியாக எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பொய் மதிப்பீடு என்றதும் கையூட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் ஓர் ஆளைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் வீட்டு விலைகளையே வீங்கவைக்கும் அளவுக்குப் பொய் பரவவேண்டுமென்றால் தனி ஆட்களால் ஆகாது. அதற்கு ஓர் ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாடு எப்படி அமைந்தது, சட்டத்தின் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்பதை இந்த வழக்கு திறந்து காட்டியது.

முதலில் மதிப்பீடு எதற்கு என்பதைப் பார்ப்போம். கடன் கேட்பவரின் சம்பளத்தை மட்டும் பார்த்து வங்கி கடன் கொடுப்பதில்லை. தவணை நின்றுபோனால் வீட்டை விற்று அசலை எடுக்க முடியுமா என்றும் பார்க்கிறது. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் கடன் மதிப்பில் 80 சதவீதம். 3,00,000 டாலர் பெறும் வீட்டுக்கு 2,40,000 டாலர் கிடைக்கும். அதே வீட்டுக்கு ஒருவர் 3,60,000 என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கடன் 2,88,000 ஆகிவிடும். காகிதத்தில் அப்போதும் 80 சதவீதம்தான் இருக்கும். உண்மையில் அது 96 சதவீதம். ஊரில் விலை 5 சதவீதம் இறங்கினாலே வீட்டை விற்றும் கடன் அடையாது. வட்டி, தவணை, காலம் என்று எதையெதையோ பேரம் பேசி வாங்கிய குடும்பத்துக்கு, தான் கையெழுத்திட்ட அன்றே சொத்தில் தன் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிருந்தது தெரியாது.

விலை கூடினால் யாருக்கு லாபம் என்று எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் லாபம். விற்பவருக்குக் கூடுதல் பணம். வீட்டுத் தரகருக்கும் கடன் தரகருக்கும் கூடுதல் தரகு. வங்கியின் கடன் அதிகாரிக்குக் கொடுத்த கடனின் அளவைப் பொறுத்து ஊக்கத்தொகை. வங்கியோ அந்தக் கடனை மற்றக் கடன்களோடு கட்டி வால் ஸ்ட்ரீட்டில் விற்றுவிடுகிறது. பிறகு வரும் நட்டம் வேறொருவருடையது. இந்த வரிசையில் 'இந்த வீடு இவ்வளவு பெறாது' என்று சொல்லக் கடமைப்பட்டவர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கிடைப்பது சில நூறு டாலர் கூலி. அடுத்த வேலை வருமா வராதா என்பதை முடிவு செய்வது, விலை கூடினால் லாபமடையும், கடன் கொடுக்கும் அதே தரப்பு.

பொய்யை நுழைப்பதற்குப் பெரிய தந்திரம் எதுவும் வேண்டாம். வீட்டை மதிப்பிடும்போது அருகில் அண்மையில் விற்ற, இதைப் போன்ற மூன்று வீடுகளையாவது எடுத்து ஒப்பிடுவது வழக்கம். அறை குறைவாக இருந்தால் இவ்வளவு கழி, கார் நிறுத்தக் கூடம் இருந்தால் இவ்வளவு கூட்டு என்று சரிசெய்து ஒரு தொகைக்கு வருவார்கள். எந்த மூன்று வீடுகளை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் விலை குறைவாகப் போனதை விட்டுவிட்டு, நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள வசதியான குடியிருப்பில் விற்றதை எடுத்தால் போதும். கடன் கட்டாமல் ஏலத்துக்குப் போன வீடுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். ஏற்கெனவே பொய் விலைக்குப் பதிவான விற்பனையையே ஒப்பீடாகக் காட்டலாம். அப்படிச் செய்தால் ஒரு பொய் அடுத்த பொய்க்குச் சான்றாகிவிடும். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் நீதிமன்றத்தில் இதை நிரூபிப்பது கடினம்.

வீடு வாங்கும்போது மதிப்பீட்டாளருக்கு ஒப்பந்த விலை முன்கூட்டியே தெரிந்திருக்கும். அந்த விலையை எட்டிவிடு என்ற சொல்லாத கட்டளை அதிலேயே இருக்கிறது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் கடன் பதிவுகளை ஆராய்ந்து மான் சோ, ஐசக் மெக்பொலுக்பே என்ற இருவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பந்த விலைக்குக் கீழே வந்த மதிப்பீடுகள் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டுமே. நூறு பேர் வீடு வாங்கினால் தொண்ணூற்றைந்து பேர் சரியான விலைக்கோ அதற்குக் குறைவாகவோதான் வாங்கினார்கள் என்பதை நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மறுகடன் இதைவிட மோசம். பழைய கடனை அடைத்து அதே வீட்டின் மேல் புதுக் கடன் எடுக்கும்போது விற்பவர் இல்லை, ஒப்பந்த விலை இல்லை, சந்தை சொன்ன எண் எதுவும் இல்லை. மதிப்பீட்டாளர் எழுதியதே விலை. சுமித் அகர்வால், இட்சாக் பென்-டேவிட், வின்சென்ட் யாவ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, மறுகடன் மதிப்பீடுகள் சராசரியாக 5 சதவீதத்துக்கு மேல் மிகையாக இருந்தன என்று கண்டது. கையில் சொந்தப் பணம் குறைவாக உள்ளவர்களின் கடனில் அந்த மிகை இன்னும் அதிகம். மிகை மதிப்பில் கொடுத்த கடன்கள் அடிக்கடி தவணை தவறின என்பதும் அந்த ஆய்வின் முடிவு. எண் கூடுதலாகத் தேவைப்பட்ட இடத்தில்தான் எண் கூடியிருக்கிறது. தற்செயலான பிழை என்றால் அது இரு பக்கமும் சிதறியிருக்க வேண்டும்.

அமெரிக்கா இதை முதல்முறையாகப் பார்க்கவில்லை. 1980களில் டெக்சாஸ் மாநிலத்தின் மெஸ்கீட் ஊரில் எம்பயர் சேவிங்ஸ் என்ற சேமிப்பு, கடன் சங்கம் இருந்தது. டாலஸ் நகருக்குக் கிழக்கே நெடுஞ்சாலை ஓரத்து வெற்று நிலங்களைக் கூட்டாளிகள் தங்களுக்குள்ளேயே விற்று விற்று விலையை ஏற்றினார்கள். சில மனைகள் ஒரே நாளில் பல கை மாறின. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு மதிப்பீட்டு அறிக்கை துணை நின்றது. அந்த விலையை நம்பி எம்பயர் கடன் கொடுத்தது. 1984 மார்ச்சில் அதை அரசு மூடியது. பிறகு அதுபோன்ற சங்கங்கள் வரிசையாகச் சரிந்தன: 1986 முதல் 1995 வரை ஆயிரத்துக்கும் மேல். வரி கட்டும் மக்கள் தலையில் விழுந்த சுமை சுமார் 12,400 கோடி டாலர். மதிப்பீட்டு ஊழல் இத்தகைய சரிவுகளில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதை டக் பர்னார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு 1986லேயே விரிவாக எழுதி எச்சரித்தது. அக்காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் மதிப்பீட்டாளராக உரிமம் எதுவும் தேவைப்படவில்லை.

1989இல் வந்த சீர்திருத்தச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. கூட்டரசின் கண்காணிப்பில் உள்ள வங்கிக் கடன்களுக்கு மாநில உரிமம் பெற்றவரே மதிப்பிட வேண்டும். பொதுவான தொழில் நெறிகளின்படி மதிப்பிட வேண்டும். பொய் எழுதினால் உரிமம் போகும். நல்ல சட்டம்தான். ஆனால் அது பார்த்தது கையெழுத்துப் போடும் மனிதரை மட்டும். அந்த மனிதருக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிறுவனத்தை அது பார்க்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் பெருகின. வங்கிக் கிளை உள்ளூர் மதிப்பீட்டாளரை நேரே அழைப்பது குறைந்து, நாடு முழுவதற்குமான ஆர்டரை ஒரு மேலாண்மை நிறுவனத்துக்கு அனுப்பி, அது யாரிடமாவது எழுதி வாங்கித் தருவது வளர்ந்தது. கையெழுத்துக்கு உரிமம் வேண்டும். கையெழுத்தை ஏவுபவருக்கு வேண்டாம் என்ற நிலை.

நெருக்குதலைப் பற்றி மதிப்பீட்டாளர்களே ஊருக்குச் சொன்னார்கள் என்பதை மறக்கக்கூடாது. 2000ஆம் ஆண்டு தொடங்கி அவர்கள் ஒரு பொது மனுவில் கையெழுத்துச் சேர்த்தார்கள்; ஏறக்குறைய 11,000 பேர் ஒப்பமிட்டார்கள். கேட்ட விலையை எழுத மறுக்கும் நேர்மையானவர்களைக் கடன் நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் வைக்கின்றன, வளைந்து கொடுப்பவர்களுக்கே வேலை போகிறது என்று அந்த மனு சொன்னது. 2003இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் விலையை ஏற்றச் சொல்லி நெருக்குதல் வந்ததாக 55 சதவீத மதிப்பீட்டாளர்கள் சொன்னார்கள். சில ஆண்டுகளில் அது 90 சதவீதமானது. நிதி நெருக்கடியை விசாரித்த ஆணையம் 2011இல் இவற்றையெல்லாம் பதிவு செய்தது. வாஷிங்டனில் இருந்தவர்கள் அந்த மனுவைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வராமல் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாஷிங்டன் மியூச்சுவலுக்கு வருவோம். 2006 வரை அந்த வங்கிக்குச் சொந்த மதிப்பீட்டுப் பிரிவு இருந்தது. அதை மூடிவிட்டு இ-அப்ரைஸ்ஐடி, எல்எஸ்ஐ என்ற இரண்டு நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைத்தது. வெளியே கொடுத்துவிட்டதால் மதிப்பீடு சுதந்திரமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் வங்கியில் வேலை இழந்த பழைய ஊழியர்களையே இ-அப்ரைஸ்ஐடி மேற்பார்வையாளர்களாக எடுத்துக்கொண்டது. களத்துக்குப் போய் வீட்டைப் பார்த்த மதிப்பீட்டாளரின் எண்ணை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது என்று குவோமோவின் மனு கூறுகிறது. கடன் அதிகாரிக்கு விலை போதவில்லை என்றால் 'மதிப்பை மறுபடி பாருங்கள்' என்று கேட்பார், மேற்பார்வையாளர் பார்ப்பார்.

அதுவும் போதவில்லை. 2007 தொடக்கத்தில் விலைகள் குறைவாக வருகின்றன என்று கடன் பிரிவு முறையிட்டது. கடன் பிரிவே தேர்ந்தெடுத்த மதிப்பீட்டாளர்களின் பட்டியல் ஒன்று தயாரானது. அவர்களைத்தான் முதலில் அழைக்க வேண்டும். பிரச்சினையைத் தீர்த்துக்கொடுத்தால் தாய் நிறுவனத்துக்கு மற்ற வேலைகளும் கூடும் என்ற ஆசை காட்டப்பட்டதையும், இது விதிகளுக்கு முரணானது என்று நிறுவனத்தின் உள்ளேயே அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதையும் மின்னஞ்சல்களைக் காட்டி மனு விவரித்தது. தெரிந்தே பணிந்தார்கள் என்பதுதான் அதன் சாரம். யாரும் யாருக்கும் உறை கொடுக்கவில்லை. ஒரு பட்டியலில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதே எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

2008 செப்டம்பர் 25இல் வாஷிங்டன் மியூச்சுவலை அரசு கைப்பற்றியது. 30,700 கோடி டாலர் சொத்துக் கணக்குக் கொண்ட அந்த வங்கியை ஜேபி மார்கன் சேஸ் 190 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. அமெரிக்க வரலாற்றில் அதைவிடப் பெரிய வங்கி வீழ்ந்ததில்லை. மதிப்பீட்டுப் பொய் ஒன்றே அதை வீழ்த்தியது என்று சொல்ல முடியாது. வருமானச் சான்று கேட்காமல் கொடுத்த கடன்களும், வட்டியைக்கூடக் குறைத்துக் கட்டவிட்டு அசலில் சேர்த்த கடன்களும் அதன் கணக்கில் ஏராளம். ஆனால் அந்தக் கடன்களையெல்லாம் பாதுகாப்பானவை என்று காட்டியது வீட்டின் மேல் எழுதிய எண்.

குவோமோவின் வழக்கில் வங்கி எதிர்வாதியாகச் சேர்க்கப்படவில்லை. மதிப்பீட்டு நிறுவனம், தன்னைக் கேள்வி கேட்கும் உரிமை கூட்டரசுக்கு மட்டுமே உண்டு, மாநிலத்துக்கு இல்லை என்று வாதாடியது. நான்கு ஆண்டுகள் அதிலேயே போயின. 2011 நவம்பரில் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. 2012இல் 78 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. 5 கோடிக்கு மேல் கட்டணம் வாங்கிய வேலைக்கு 78 லட்சம் தண்டம் என்பது நீதி என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டரசின் வைப்புக் காப்பீட்டுக் கழகம் 2011இல் இரு மதிப்பீட்டு நிறுவனங்களின் தரப்பிலிருந்தும் சேர்த்து 28 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கேட்டுத் தனியே வழக்குப் போட்டது. கன்ட்ரிவைட் என்ற இன்னொரு கடன் நிறுவனம் தன் சொந்தத் துணை நிறுவனமான லேண்ட்சேஃப் மூலமாகவே மதிப்பிட்டுக்கொண்டது. அங்கே வேலை பார்த்த ஒருவர் துணிந்து கொடுத்த புகாரும் சேர்ந்து, அதை வாங்கியிருந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா 2012இல் 100 கோடி டாலர் கொடுத்து அரசோடு தீர்த்துக்கொண்டது.

இதற்குப் பின் வந்த திருத்தம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. குவோமோ 2008 மார்ச்சில் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகிய இரண்டு பெரும் கடன் கொள்முதல் நிறுவனங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். 2009 மே 1 முதல் கடன் அதிகாரியோ கடன் தரகரோ மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நோக்கம் சரி. ஆனால் இந்த விதியைப் பின்பற்ற வங்கிகளுக்கு எளிதான வழி எது? நடுவில் ஒரு மேலாண்மை நிறுவனத்தை வைத்துக்கொள்வது. எந்த வகை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்களோ அந்த வகை நிறுவனத்திடமே சந்தை இன்னும் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது. கடன் வாங்குபவர் கட்டும் கட்டணத்தில் கணிசமான பங்கை நிறுவனம் எடுத்துக்கொண்டு மீதியை மதிப்பீட்டாளருக்குக் கொடுத்தது. குறைந்த கூலிக்கு, குறைந்த நாளில், ஊரைத் தெரியாதவர் தொலைவிலிருந்து வந்து எழுதித் தரும் அறிக்கைகள் பெருகின என்று பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் முறையிட்டார்கள். சிலர் தொழிலையே விட்டார்கள். விலையை ஏற்றச் சொல்லும் தொலைபேசி அழைப்பு குறைந்தது உண்மை. அதற்குப் பதிலாக, வேலையைச் சரியாகச் செய்ய நேரமும் கூலியும் குறைந்தன.

2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் மதிப்பீட்டாளரை மிரட்டுவதையும் கெஞ்சி வளைப்பதையும் நேரடியாகத் தடைசெய்தது. ஊரில் வழங்கும் நியாயமான கூலி தரவேண்டும் என்றது. மேலாண்மை நிறுவனங்கள் மாநிலத்தில் பதிவு செய்யவேண்டும் என்றது. அந்தப் பதிவுக்கான கூட்டரசு விதிகள் முழுமையாக வந்து சேர 2015 ஆனது. கட்டணத்தில் எவ்வளவு நிறுவனத்துக்கு, எவ்வளவு மதிப்பீட்டாளருக்கு என்று பிரித்துக் காட்டுவதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, விருப்பமாக விட்டது. நியாயமான கூலியை உறுதிசெய்ய முயன்ற லூசியானா மாநில மதிப்பீட்டாளர் வாரியத்தின் மீது, கூலியைக் கூடி நிர்ணயிக்கிறது என்று 2017இல் கூட்டரசு வணிக ஆணையமே குற்றம் சாட்டியது. சட்டத்தின் ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்கிய இடம் அது.

உருப்படியான மாற்றம் என்று நான் எண்ணுவது ஆரவாரமில்லாமல் வந்த இன்னொன்று. 2014 ஜனவரி முதல், வீட்டு அடமானக் கடன் கொடுப்பவர் மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்காமலேயே கடன் வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கூடாது. கடன் ஒப்பந்தம் முடிவாவதற்குக் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு முன்னால் அது கையில் இருக்க வேண்டும். ஒப்பிட்ட மூன்று வீடுகள் எவை, எங்கே இருக்கின்றன என்று அந்தக் குடும்பமே பார்த்துவிடலாம். பக்கத்துத் தெருவில் விற்ற வீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்பதற்கு உரிமம் தேவையில்லை. அந்தத் தெருவில் குடியிருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இதில் எத்தனையோ பழகியதாகத் தெரியும். இங்கும் வேல்யூவரை வைத்திருப்பது வங்கியின் பேனல்; வேல்யூவேஷன் கட்டணம் கட்டுவது நாம். ரிசர்வ் வங்கி 2007லேயே மதிப்பீட்டாளர் சுதந்திரமாக இருக்கவேண்டும் என்றும், 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் பெறும் சொத்துகளுக்கு இரண்டு தனி மதிப்பீடுகள் வேண்டும் என்றும் வங்கிகளுக்குச் சொன்னது. மோசடிக்குத் துணைபோன வேல்யூவர்களின் பெயர்கள் இந்திய வங்கிகள் சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போகின்றன. கம்பெனிச் சட்டத்தின் 247ஆம் பிரிவின் கீழ் 2017இல் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் முறை வந்தது; ஆனால் அது கம்பெனிச் சட்டத்துக்கான மதிப்பீடுகளைப் பற்றியது, சாதாரண வீட்டுக் கடனுக்கானதல்ல. மதிப்பீட்டாளர் தொழில் முழுவதையும் ஒரு சட்டத்தின் கீழ் கொண்டுவர எம்.எஸ். சாஹூ தலைமையிலான குழு 2020இல் கொடுத்த வரைவு, நெடுங்காலம் வரைவாகவே கிடந்தது.

நம்மிடம் இரு முனைக் கவலையும் உண்டு. சொத்தின் மேல் அடமானக் கடன் கொடுக்கும்போது, அமெரிக்க மறுகடனைப் போலவே, சரிபார்க்க விற்பனை விலை எதுவும் இல்லை. அங்கே எண் மேலே போகும் ஆபத்து. தவணை தவறி 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் சொத்து ஏலத்துக்கு வரும்போது, குறைந்தபட்ச விலையை நிர்ணயிப்பதற்கு முன் வங்கி அங்கீகாரம் பெற்ற ஒரு வேல்யூவரிடம் மதிப்பு வாங்க வேண்டும். அப்போது எண் கீழே போகும் ஆபத்து. கொடுக்கும்போது கூட்டியும் பறிக்கும்போது குறைத்தும் எழுதினால் இரண்டு முறையும் இழப்பது அந்த வீட்டுக்காரர்தான்.

எல்லா வேல்யூவரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. மழையில் நனைந்து, மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்து, பட்டாவையும் வரைபடத்தையும் ஒப்பிட்டு, 'இவ்வளவுக்கு மேல் பெறாது' என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் வேலை வராமல் போனவர்கள் நம் ஊரிலும் இருப்பார்கள். அவர்களைக் காப்பாற்றவாவது அறிக்கை வெளிச்சத்துக்கு வரவேண்டும். கட்டணம் கட்டியவருக்கு நகல் கொடுப்பதை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, கடன் வாங்கப்போகும் ஒவ்வொருவரும் வங்கியிடம் வேல்யூவேஷன் அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் ஏன் என்று எழுத்திலேயே பதில் கேளுங்கள். கையில் வந்தால், அதில் ஒப்பிட்ட சொத்துகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.